ஸ்டியரிங் இல்லாத கார்

— காலைத் தூக்கு, சுஜிதன்.

— தூக்கினா கதிரையோட விழுவன்.

— விழு. அதுக்குக் கீழதான் கிடக்கும்.

— எடேய் முன்ஸிர், நான் பாத்திட்டன். ஆரோ ஒராளின்ர போன் ஆணி ஒண்டு கிடக்கு. வேற ஒண்டும் இல்லை.

— ஆணிய இங்க தா. அது ஆசுபத்திரி மிஸ்ஸின்ர போன். ரெண்டு நாளாத் தேடுறன்.

— இந்தா. சுக்கானைக் கண்டாலும் தருவன்.

— சுக்கான் இல்லை மச்சான், ஸ்டியரிங். இது ஒட்டிச் செய்யிற பிளாஸ்ரிக் கார். உன்ர வள்ளம் இல்லை.

— திருப்புறது எல்லாம் சுக்கான்தான்.

— நேத்துப் பின்னேரம் கறுப்பு அடிச்சு, இந்த மருந்துப் போத்தல் மூடிக்குள்ள காய வச்சனான். நீயும் பாத்தனீ.

— பாத்தனான். சின்ன விரல் நகமளவு. வடிவா அடிச்சிருந்தனீ.

— இப்ப மூடி இருக்கு. ஸ்டியரிங் இல்லை.

— காத்து?

— காத்து மூடிய விட்டிட்டு ஸ்டியரிங்க மட்டும் தூக்கிக்கொண்டு போகுமா?

— உன்ர கடைக்குள்ள எது நடந்தாலும் நம்பலாம். எலி?

— பிளாஸ்ரிக் தின்னுற எலியா?

— போன வருசம் என்ர வலையைத் திண்டது.

— சுஜிதன், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய புத்தளத்தில இருந்து சாமான் ஏத்த லொறி வருது.

— தெரியும்.

— ஸ்டியரிங் பூட்டாம காரின்ர மேல் மூடிய ஒட்டேலாது. மூடிய ஒட்டாட்டி கார் முடியாது.

— அதுவும் தெரியும். நான் என்ன நேத்தே வந்தவன்?

— தெரிஞ்சா குனிஞ்சு தேடு.

— குனிஞ்சுதான் நிக்கிறன். வரேக்க குசினிப் பக்கம் எட்டிப் பாத்தனான். உன்ர மனிசி பரீனா ஒரு பெட்டிதான் கட்டி வச்சிருக்கிறா. அதுவும் வாய் திறந்து கிடக்கு.

— அவள் ஆறுதலாத்தான் கட்டுவாள். அவளின்ர உம்மாட யோசினை.

— இந்தக் காரை முடிச்சிட்டுத்தான் புத்தளம் போறதெண்டு நீதானே சொன்னனீ?

— நான்தான் சொன்னன். அவளும் ஓமெண்டவள். அரைவாசியில விட்டிட்டுப் போனா மிச்சத்தை ஆர் ஒட்டுறது? நீயா? பசையைத் தொட்டா உன்ர விரல் ரெண்டும் ஒட்டிக்கொள்ளும்.

— உனக்கு மட்டும்? ஒரு பக்கம் உரஞ்சிட்டு மற்றப் பக்கத்தை மறந்துபோவாய்.

— அதுதான் சொல்லுறன். சின்னத் துண்டெல்லாம் நான். உரஞ்சிறதும் வெளிப் பெயின்ரும் நீ. தனிய ஆருக்கும் கார் வராது.

— சட்டம் எண்டால் சட்டம். ஒரு கார்ப் பெட்டியத் திறந்தா முடிக்காம மற்றதைத் திறக்கிறதில்லை. ஆள் இல்லாம ஆள் தொடுறதில்லை.

— ஓம்.

— என்ன வடிவா வந்திருக்கு, பாரன். கூரையில மீன் பெட்டி வச்ச ரேஸ் கார் உலகத்தில இது ஒண்டுதான்.

— கத்தார்ல இருந்து இதை அனுப்பின என்ர மச்சான் கண்டா நெஞ்சில அடிச்சு அழுவான். பெட்டியில இருக்கிற படத்தில சிவப்புக் கார், வெள்ளைக் கோடு. நாங்கள் செய்து வச்சிருக்கிறதைப் பார். மட்காட்டில சேறு. முன்னுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும்.

— பின் கண்ணாடியில உன்ர மாஷா அல்லாஹ்.

— அது வேணும்.

— எலுமிச்சம்பழமும் வேணும். நாயாத்து றோட்டில ஓடுற வண்டி. ரெண்டும் இருந்தாலும் காணாது.

— கூரை மட்டும்தான் கொஞ்சம் பள்ளம்.

— வெயில் பட்டாத்தான் தெரியும்.

— கூரைக் கதையைத் தொட்டபடியால் ஒண்டு கேக்கிறன். உண்மை சொல்லோணும்.

— கேள்.

— கூரை உருகினது எப்பிடி?

— அதைத்தான் எத்தினை தரம் சொல்லிட்டன். வள்ளம் துடைக்கிற தின்னர். பைபர் வள்ளத்தைத் துடைச்சா முகம் பாக்கலாம். அதால இதையும் துடைச்சன். இது தோசை மாதிரிச் சுருங்கும் எண்டு எனக்குத் தெரியுமே?

— அது முதல் தரம். தெரியாம நடந்தது. நானும் ஒண்டும் சொல்லேல்லை. பேஸ்ற் போட்டு நிரப்பி, உரஞ்சி, திரும்ப அடிச்சம். ரெண்டாந்தரம்?

— போத்தல் மாறிட்டுது.

— போத்தல்ல நான் மண்டையோடு கீறி ஒட்டியிருந்தனான்.

— இருட்டில தெரியேல்லை.

— பகல். சாப்பிட்ட உடன.

— கண்ணில தூசு.

— சுஜிதன்.

— சரியடா. வேணுமெண்டுதான் ஊத்தினனான். கனக்க இல்லை. கூரையில மட்டும்.

— அல்லாஹ்வே!

— நீ அண்டைக்குத்தான் புத்தளம் போறன் எண்டு சொன்னனீ. நானும் என்ன செய்யிறது? போகாத எண்டு சொல்ல நான் ஆர்? கையில தின்னர் இருந்தது.

— திரும்ப நிரப்பி, திரும்ப உரஞ்சி, ஒரு மாசம் போச்சுது.

— நல்ல மாசம்.

— ...ஓம். நல்ல மாசம்தான்.

— இடியப்பமும் மீன் சொதியும் தந்தவா பரீனா. ஒவ்வொரு நாளும்.

— அப்ப ஸ்டியரிங்கையும் நீதான் எடுத்தனீ.

— இல்லை.

— தின்னர் ஊத்தினவனுக்கு ஸ்டியரிங் எடுக்கிறது பெரிய வேலையா? பொக்கற்ற வெளிய இழு.

— இந்தா பார். பீடி. வீட்டுத் திறப்பு. பிள்ளையின்ர ரொபித் தாள். வற்றாப்பளை அம்மாளாணை நான் எடுக்கேல்லை.

— அம்மாளில சத்தியம் பண்ணினா நம்பத்தான் வேணும்.

— நம்பு. இப்ப நான் கேக்கிறன். உன்ர லாச்சிக்குள்ள செம்புக் கம்பி இருக்கோ, இல்லையோ?

— இருக்கு. போன் கடையில செம்புக் கம்பி இல்லாம?

— பேனை முனையில ஒரு சுத்துச் சுத்தினா வட்டம். குறுக்கால ஒரு கம்பி. ஒரு சொட்டு ஈயம். அதுக்கு மேல கறுப்பு. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.

— தெரியும். எனக்குத் தெரியும்.

— போன காருக்குக் கதவுக் கைபிடி துலைஞ்சபோது இப்பிடித்தானே செய்தனீ. தேத்தண்ணி ஆற முதல் செய்து முடிச்சனீ.

— அது கைபிடி.

— இது?

— இப்ப கண் முந்தி மாதிரி இல்லை, மச்சான்.

— காலமை அந்த மிஸ்ஸின்ர போனுக்குள்ள மயிரளவு கம்பி ஒட்டினனீ. நான் பக்கத்தில நிண்டனான்.

— அது போன்.

— முன்ஸிர்.

— என்னடா?

— உனக்குப் போக விருப்பமில்லை.

— மெல்லக் கதை. குசினியில நிக்கிறாள்.

— இல்லையெண்டு சொல்லு பாப்பம்.

— என்ர விருப்பத்தை ஆர் கேட்டது? தண்ணீரூற்று என்ர வாப்பாட ஊர். இது அவர்ட காணி. நாங்கள் திரும்பி வரேக்க இதில பத்தை மட்டும்தான் நிண்டது. வெட்டி, கிணறு இறைச்சு, கடை போட்டு, அதுக்குப் பிறகுதான் அவளக் கலியாணம் முடிச்சு இங்க கூட்டியந்தனான். அவள் புத்தளத்தில பிறந்து வளந்தவள். இங்க அவளுக்கு என்ன இருக்கு? வந்த முதல் வருசம் முழுக்க அழுதவள்.

— அது அப்ப.

— இப்ப அங்க அவளின்ர உம்மா, மாமி, தனிய. நோன்பு மாசத்தில குளியலறைக்குள்ள விழுந்து, விடியுமட்டும் அப்பிடியே கிடந்தவா. அதைக் கேட்டுப்போட்டு நான் எப்பிடி இங்க இருந்து கார் ஒட்டுறது?

— மாமிய இங்க கூட்டிவாறது.

— வரமாட்டா. அவாவும் இந்த ஊர்தான். பள்ளிவாசலுக்குப் பின்னால, மூண்டாவது காணி. தொண்ணூறில எங்கட முஸ்லிம் சனம் எல்லாரையும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்னபோது, உடுத்த உடுப்போட நடந்தவா. இனி இந்த மண்ணில கால் வைக்கமாட்டன் எண்டவா. வைக்கேல்லை. எங்கட கலியாணத்துக்குப் பிறகு மகள் வீடு பாக்கவும் வரேல்லை.

— பரீனாட்டக் கேட்டனியோ?

— என்னத்தை?

— புத்தளம் போக விருப்பமோ எண்டு.

— மாமி விழுந்த அண்டைக்கே கேட்டன். போவமா எண்டு. "உங்கட விருப்பம்" எண்டாள். ஓம் எண்டதுதானே?

— எடேய் மடையா. என்ர மனிசி ஜெயரூபி "உங்கட விருப்பம்" எண்டு சொன்னா, நான் அண்டைக்கு இரவு வள்ளத்துக்குள்ளதான் படுக்கிறனான்.

— பரீனா அப்பிடியில்லை.

— எல்லாரும் அப்பிடித்தான். சரி, விடு. அந்த மனுசி விடியுமட்டும் கிடந்தது எனக்குத் தெரியாது. நீ சொல்லேல்லை.

— சொன்னா நீ தின்னர் ஊத்தியிருக்கமாட்டாய்.

— மாட்டன்தான். கம்பியை எடு.

— என்ன?

— லாச்சியத் திற. கம்பியை எடு. சுத்து. இண்டைக்கே முடிப்பம்.

— வேண்டாம் மச்சான். நாளைக்கு...

— நாளைக்கு நான் வேற சாட்டுக் கண்டுபிடிப்பன். நீயும் கண்டுபிடிப்பாய். அங்க மனுசி தனியக் கிடக்கிறா. எடு.

— சரி, திறந்திட்டன்.

— அந்த மெல்லிய கம்பி இல்லை. மற்றது.

— எனக்குச் சொல்லித் தராத.

— பேனையை நான் பிடிக்கிறன். சுத்து. மெல்ல.

— நீ பேனையை ஆட்டாத.

— ஆட்டேல்லை. இறுக்கு. அவ்வளவுதான். வட்டம் வந்திட்டுது.

— காரை நீ கொண்டுபோ. உன்ர வீட்டில இருக்கட்டும்.

— என்ர வீட்டில வேண்டாம். பிள்ளையள் கடலுக்குக் கொண்டுபோய் ஓடவிடும். உன்னோட போகட்டும். புத்தளத்தில மீன் பெட்டியக் கண்டு ஆரும் கேட்டா, என்ர பேரைச் சொல்லு.

— டேய், சும்மா இரு. ஈயம் சரியா விழாது.

— என்னங்க, இது என்ன மணம்?

— ஈயம், பரீனா. ஒரு சின்ன வேலை. நீ போ.

— தேத்தண்ணி கொண்டுவந்தன். சுஜி அண்ணா, உங்களுக்குச் சீனி குறைச்சு.

— பாத்து வாங்கோ தங்கச்சி. கீழ ஒரு சின்னச் சாமான் விழுந்து கிடக்கு. மிதிச்சுப்போடாதேங்கோ.

— ஒண்டும் விழேல்லை.

— என்ன?

— ரெண்டு பேரும் கீழ தேடத் தேவையில்ல. அந்தக் கம்பிய வைங்க. இஞ்ச, கைய நீட்டுங்க.

— ஸ்டியரிங்! இது எங்க கிடந்தது?

— மா டின்னுக்குள்ள.

— மா டின்னுக்குள்ள எப்பிடிப் போகும்?

— நான் வச்சாப் போகும்.

— நீயா எடுத்தனீ? ஏன்?

— இந்தக் கார் முடிஞ்சாத்தான் போறதெண்டு நீங்க சொன்னீங்க. நேத்து மூடிக்குள்ள இது காயிறதைக் கண்டன். இதை ஒட்டினா முடிஞ்சிடும் எண்டு விளங்கிச்சு. பயந்திட்டன்.

— நீதானே புத்தளம் போக...

— நான் எப்பங்க சொன்னன்? போவமா எண்டு கேட்டீங்க. உங்கட முகத்தில ஒண்டும் தெரியேல்ல. உங்கட விருப்பம் எண்டன்.

— நான் சொன்னனான்.

— நீ பேசாம இரு, சுஜிதன்.

— அங்க நான் பிறந்ததே காம்பில. ஓலைக் கொட்டில்ல. பள்ளிக்கூடத்தில அகதிப் பிள்ளை எண்டுதான் கூப்பிட்டாங்க. பேர் ஒண்டு இருக்கெண்டு கேட்கவும் இல்ல. இங்க வந்து அழுதன்தான். கிணத்தில பாம்பு கிடந்தா அழாம என்ன செய்யிறது? இப்ப சந்தையில கிழவியளும் பரீனா எண்டுதான் கூப்பிடுறாங்க. நான் எங்கயும் வரல்ல.

— அப்ப மாமி? அவாவ அப்பிடியே விடுறதா?

— விடுவனா? உம்மாவோடதான் ஒவ்வொரு நாளும் கதைச்சன். நீங்க ரெண்டு பேரும் இங்க உரஞ்சிக்கொண்டு இருக்கேக்க. முதல் ஏசினா. பிறகு அழுதா. நேத்து போனை வச்சிட்டா. இண்டைக்குக் காலமை அவவே எடுத்து, பள்ளிவாசலுக்குப் பின்னால இருந்த பலாமரம் நிக்குதா எண்டு கேட்டா.

— நிக்குதே?

— இல்ல, சுஜி அண்ணா. பொய் சொல்லல்ல. மரம் இல்ல, மகள் இருக்கிறன் எண்டன்.

— அதுக்கு என்ன சொன்னவா?

— நீங்க ஸ்டியரிங்க ஒட்டுங்க. லொறி வெள்ளிக்கிழமை இங்க வெறுமையா வராது. பின்னால உம்மாட கட்டில், முன்னுக்கு உம்மா.