கால் சுற்று

மின்விசிறி ஓடட்டும், ஐயா. பட்டறையில்தான் எனக்கு விசிறி ஆகாது. அலுமினியத்தைப் பற்றவைக்கும்போது மேலே ஆர்கான் வாயு போர்வை மாதிரி நிற்க வேண்டும். காற்றடித்தால் கலைந்துவிடும். வெல்டு கறுத்து, உள்ளே குண்டூசித் துளைகளாக விழும்.

பதினெட்டு வருடம் அந்தப் பட்டறையில் அலுமினிய வேலைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. பிறகு தங்கையின் கணவர் வந்தார். நான்தான் சேர்த்துவிட்டேன். சட்டைப்பையில் சான்றிதழ், வாயில் சிரிப்பு. ஆறே மாதத்தில் அவருடைய வெல்டு நாணயங்களைச் சாய்த்து அடுக்கியது போல வரிசையாக வந்தது. முதலாளி அதைத் தடவிப் பார்த்தார். என் தங்கை, "அண்ணனவிட இவரு கை சுத்தம்" என்று என் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னாள்.

மறுநாள் அவருடைய மெஷினுக்குப் பின்னால் வாயுக் குழாயின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். அவ்வளவுதான். வாயு கசிகிற இடத்தில் காற்று நுழையும்.

வெல்டு கறுத்தது. மனிதர் தலைகீழாக நின்றார். அசிட்டோன் போட்டுத் துடைத்தார். புது பிரஷ் வாங்கித் தேய்த்தார். டங்ஸ்டன் ஊசியை மாற்றினார், சிலிண்டரையே மாற்றினார். ஏட்டுச் சுரைக்காய் என்று சிரித்துக்கொண்டேன். கடைசியில் சோப்புத் தண்ணீரோடு என்னிடம் வந்தார்.

"மச்சான், சிலிண்டர் பக்கம் தடவிப் பாத்துட்டேன், குமிழி வரல. மெஷின் பின்னாடியும் பாக்கணும்."

"அத நான் காலைலயே பாத்துட்டேன், மாப்ள. உங்க கைதான் நடுங்குது."

தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சொன்னால் நம்பிவிடுவார். அப்படி ஒரு மண்டு.

அந்த வாரம் சுவருக்கு வர்ணம் பூசுகிறவர்கள் நிற்பதற்கான தொங்கு மேடை அவர் கைக்கு வந்தது. முடித்துவிட்டு, "எனக்கே இதுல நம்பிக்கை இல்ல, மச்சான். நீங்க பாத்து வேண்டாம்னா பிரிச்சிடுறேன்" என்றார். சோதித்து முத்திரை குத்துவது என் வேலை. மேலே இருந்த கறுப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். உள்ளே துளைகள் இருப்பது எனக்குத் தெரியும். முத்திரை குத்தினேன்.

"தாங்குமா?"

"யானையே ஏறலாம்."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான் பத்தவெச்சது, நான்தான் மொதல்ல ஏறுவேன்" என்று நின்றார். வீம்பு. கூட ஒரு பெயின்டரும் ஏறினார். அந்த ஆள் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். எதிர்க் கட்டடத்தின் நான்காவது மாடி உயரத்தில் மேடையின் மூலை வெல்டு விட்டது; இரண்டு பேரும் விழுந்தார்கள்.

எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். நான் பட்டறைக்குள் போய் அந்த நட்டை இறுக்கினேன். நல்ல மெஷின், வீணாகக்கூடாது. அதைத் தங்கை வாசலில் நின்று பார்த்தாள் என்பது நீங்கள் சொல்லித்தான் தெரியும். மதியச் சாப்பாடு கொண்டுவந்திருப்பாள், பாவம்.

ஆமாம், நான்தான் செய்தேன். அவள் புகார் கொடுத்தது துக்கத்தில். இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கொஞ்ச நாள் போனால் அவளே வந்து என்னைக் கூட்டிப்போவாள்.