மாமியார் ஏறினால் கத்தும் கார்

அம்பத்தூரிலிருந்து மேனாம்பேடு போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“மாமியார் ஏறி உக்காந்ததும் கார் கத்துச்சு மச்சான்.”

“காரா கத்துச்சு?”

“டயர்ல காத்து கொறைஞ்சா சத்தம் போடுற மெஷின் ஒண்ணு புதுசா மாட்னேன்ல, அதான். ‘நான் குண்டா கீறேன்னு குத்திக் காட்றியா’ன்னு கேட்டுட்டு எறங்கிப் போய்ட்டாங்க.”

“டயர் இன்னா ஆச்சு?”

“நெஜமாவே பஞ்சர். ஆணி குத்திகினு இருந்துச்சு. அந்த ஆணியக் காட்டினாதான் இனிமே ஊட்டுக்கு வருவாங்களாம். பஞ்சர் கடைக்காரரு அத எங்கியோ வீசிட்டாரு. அதான் இப்ப கடைல ஒண்ணு வாங்கினேன்.”

சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்துக் கொடுத்தார். நண்பர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பளபளன்னு கீதே, கண்டுபிடிச்சிடுவாங்க. எறங்கினதும் ரோட்ல நல்லா தேச்சு எடுத்துகினு போ.”