நிமிர்த்திய பஸ்

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில் என் எதிரே இரண்டு ஆசிரியைகள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் மடியில் அட்டைப் பெட்டியில் செய்த பஸ் ஒன்று இருந்தது. ஜன்னல்கள், படிக்கட்டு, தட எண், எல்லாம் கிரேயானில்.

“இதை நான் நிமிர்த்தியிருக்கவே கூடாதுக்கா.”

“கோணலா கண்காட்சில வெச்சிருந்தா ஹெச்.எம். உன்னை நிமிர்த்தியிருப்பாங்க.”

“அந்தப் பயத்துலதான் பசங்க போனப்புறம் ஒரு பக்கச் சக்கரத்தைப் பிச்சு, ஸ்கேல் வெச்சு அளந்து ஒட்டினேன்.”

“நல்லாத்தானே இருக்கு? பரிசு வேற வாங்கியிருக்கு.”

“தர்ஷினி காலையில வந்து, ‘என் பஸ் எங்க மிஸ்?’னா. எடுத்துக் குடுத்தேன். ‘இது என்னோடது இல்ல. என்னோடது சாஞ்சுகினு இருந்துச்சு, படியில ஜனம் தொங்குதுல்ல’ங்கிறா.”

“அடப்பாவமே!”

“ஏன்டி இப்படி ஒட்டியிருக்கேன்னு நான் ஒரு வார்த்தை கேக்கலைக்கா.”

வேலப்பன்சாவடியில் ஆட்டோ நின்றது. படியில் ஆட்கள் தொங்க, இடப்பக்கம் சாய்ந்தபடி ஒரு பேருந்து எங்களைக் கடந்து போனது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

“திரும்பச் சாய்ச்சு ஒட்டிக்கோன்னு அவகிட்டயே குடுத்துடேன்,” என்றார் மூத்தவர்.

“குடுத்தேன்க்கா. கோந்தையும் நீட்டினேன். வாங்கவே இல்லை. ‘நீங்களே ஒட்டிடுங்க மிஸ், நான் ஒட்டினா தப்பாயிடும்’னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டா.”