வாணத்துக்கு முன்பே கிளம்பிய பஸ்

மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடையில் வாணம் விடுவதற்கு முன்பே கிளம்பிய பஸ் அது. எனக்கு முன் இருக்கையில் ஒரு அம்மாள். அவள் பக்கத்தில் லீவில் வந்த பட்டாளத்துக்காரர்.

"அந்தக் குண்டு மெள்ள வாற மாதிரிதான் தோணும், அம்மா."

"குண்டு எப்படிப்பா மெள்ள வரும்?"

"வேகந்தான். எங்க போவுதுன்னு பாத்துச் சுட, நாலஞ்சு குண்டுக்கு ஒண்ணு எரிஞ்சுகிட்டே போற மாதிரி வைப்பாவ. இடையில வாறது கண்ணுக்குத் தெரியாது."

"சண்டையே இல்லியே. எம் மவன் எப்படிச் செத்தான்?"

"சுட்டுப் பழகுற எடத்துல, அம்மா. குறிப்பலகைய ஏத்தி எறக்க, அதுக்குக் கீழ குழியில நாங்க ரெண்டு பேரும் இருந்தோம். இருட்டுல குண்டு செவப்பா வரிசையா வந்துது. 'மக்கா, நம்ம மண்டைக்காட்டு வாணம் மாதிரில்லா இருக்கு'ன்னு தலையத் தூக்கிட்டான்."

பின்னால் முதல் வாணம் வெடித்தது. பஸ்ஸில் எல்லோரும் ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தோம்.

அந்த அம்மாள் மட்டும் குனிந்தபடியே சொன்னாள்:

"இடுப்புல தூக்கி வச்சுகிட்டு, 'அண்ணாந்து பாரு மக்கா, அண்ணாந்து பாரு'ன்னு நாந்தான் காட்டிக் குடுத்தேன்."