போனஸ் கெடாத வண்டி

வண்டி வாங்குகிறவர்கள் இன்சூரன்ஸ் பாலிசியை ஒரு தடவையாவது முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நம் ஊரில் யாரும் படிப்பதில்லை. புது வண்டியை ஷோரூமிலிருந்து நேரே கோயில் வாசலுக்கு ஓட்டி வருகிறார்கள். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள், பானெட்டில் விபூதிப் பட்டை இழுக்கிறார்கள், இனி அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நானும் பழம் நசுக்கியவன்தான். ஆனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவரைச் சுற்றுகிற கூட்டத்தையும் சமாளித்துவிட்டு என் பம்பரையும் அவர் பார்த்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

உங்கள் ஸ்டேஷன் ஜீப்புக்கு என்ன பாலிசி என்று ரைட்டரைக் கேட்டேன், மேடம். அவருக்குத் தெரியவில்லை. அரசாங்க வண்டிக்கு அது கட்டாயமில்லை என்று நான்தான் சொன்னேன். அவர் அதை ஏனோ ரசிக்கவில்லை.

முதலிலிருந்து உங்க வார்த்தையிலேயே எழுதுங்க என்றீர்கள். என் பெயர் ஆதிமூலம். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம், அங்கே கொஞ்சம் நிலம் இருக்கிறது. குடியிருப்பது ரமணாசிரமத்துக்குப் பின்னால். மாடியில் மூன்று ரூம் கட்டி, மன அமைதி தேடி வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். வெந்நீர் வரவில்லை என்றால் அவர்கள் போடுகிற சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும். மனைவி சந்திரகலா. ஒரு வெள்ளைக் கார் இருக்கிறது. அது உங்கள் வளாகத்தில் வெயிலில் நிற்கிறது, முடிந்தால் நிழலில் நிறுத்தச் சொல்லுங்கள்.

கார் இன்சூரன்ஸில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று தேர்ட் பார்ட்டி. நாம் யார் மேலாவது மோதினால் அவர்களுக்குக் கொடுப்பதற்கு. சட்டப்படி இது நம்மைப் போன்றவர்கள் எல்லாருக்கும் கட்டாயம். இன்னொன்று நம் வண்டிக்கு அடிபட்டால் சரி செய்துகொள்வதற்கு. இரண்டும் சேர்ந்ததை ஃபுல் இன்சூரன்ஸ் என்பார்கள். அதற்கு மேல் பம்பர் டு பம்பர் என்று ஒன்று உண்டு, தேய்மானம் கழிக்காமல் முழுசாகத் தருவது. என்னிடம் எல்லாமே இருந்தன. எதையும் நான் தொட்டதில்லை.

தொடாமல் இருப்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு வருடம் கிளெய்ம் கேட்காமல் ஓட்டினால் அடுத்த வருடப் பிரீமியத்தில் கம்பெனி ஒரு போனஸ் கழித்துத் தரும். வருடா வருடம் அது ஏறும். ஐம்பது சதவீதம் வந்தால் உச்சம், அதற்கு மேல் கிடையாது. ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் எல்லாம் போய்ப் பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். என் மச்சான் திருமலை சைடு மிரரில் ஆட்டோ உரசினாலும் கிளெய்ம் போடுகிற ஆள். ஒரு வருடமும் அவனிடம் போனஸ் தங்கியதில்லை. நான் பல வருடமாக ஐம்பதில் இருக்கிறேன். படிப்பில் எனக்கு முதல் மார்க் வந்ததில்லை, அப்பா சொத்துப் பிரிக்கும்போது நல்ல நிலம் தம்பிக்குப் போனது. ஒழுங்காக இருந்தாய் என்று எனக்கு எழுத்தில் சொன்னது அந்தக் கம்பெனி மட்டும்தான். அதைப் பற்றி டீக்கடையில் கொஞ்சம் ஜாஸ்தியாகப் பேசியிருப்பேன், மறுக்கவில்லை.

அன்று மதியம் நிலத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். மெயின் ரோட்டில் பஸ்காரர்கள் ஓட்டுகிற விதம் உங்களுக்குத் தெரியும், அதனால் நான் எப்போதும் ஏரிக்கரை ஓரமாக வருகிற கிளை ரோட்டைத்தான் எடுப்பேன். இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைதான். அந்த வெயிலில் ஒரு காக்கா கூட இல்லை. திருமலை போன் செய்தான், ஃபுல்லுக்கும் தேர்ட் பார்ட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று மறுபடி கேட்டான். எத்தனை முறை சொன்னாலும் அவன் மண்டையில் ஏறாது. நான் விளக்கிக்கொண்டே திரும்பினேன். அந்தத் திருப்பத்தில் தருமன் மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்துக்கொண்டு வந்தான். புல்லுக்கட்டைத்தான் நான் முதலில் பார்த்தேன்.

"இரு திருமலை, ஒரு சின்ன வேலை வந்துடுச்சி" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

தருமன் யாரென்று நீங்கள் விசாரித்திருப்பீர்கள். என் ரூம்களுக்குப் பால் ஊற்றுகிறவன். விடியற்காலையில் வந்து ஊற்றிவிட்டு, வெள்ளைக்காரர்களுக்குக் கூட ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவான். நல்லவன். பாலில் தண்ணீர் கலந்த அன்று மட்டும் என் முகத்தைப் பார்க்க மாட்டான்.

நான் வண்டியை நிறுத்தினேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், நிறுத்தாமல் போகிறவர்கள்தான் அதிகம். அவனைத் தூக்கிப் புளியமர நிழலில் கிடத்தினேன். என் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தேன். வெளியே அதிகமாக ரத்தம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்கண்ணா. உள்ள ஒரு மாதிரியா இருக்குது" என்றான்.

"போலாம் தருமா. ஆனா போனா இன்னா ஆவும்னு மொதல்ல நீ தெரிஞ்சிக்கணும்" என்றேன்.

அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். சொன்னால் போலீசுக்குத் தகவல் போகும். நூற்றெட்டைக் கூப்பிட்டாலும் கூப்பிட்ட நம்பர் பதிவாகிவிடும். போலீஸ் கேஸ் எழுதினால் கம்பெனிக்குப் போகும். கம்பெனிக்குப் போனால் அது கிளெய்ம். கிளெய்ம் ஆனால் போனஸ் போய்விடும்.

"போனஸ்னா இன்னாண்ணா" என்று கேட்டான்.

மேடம், இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைத் தானாகக் கேட்டதில்லை. திருமலை கூட வேறு எதையாவதுதான் கேட்பான். ஆகவே தருமனுக்கு முழுதாக விளக்கினேன். முதல் வருடம் எவ்வளவு, அப்புறம் எப்படி ஏறும், எங்கே போய் நிற்கும் என்றெல்லாம். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"அவ்ளோ வருஷமாங்களா" என்றான்.

எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

"நான் உங்க பேரைச் சொல்ல மாட்டேண்ணா. வண்டி தானா சாஞ்சிச்சின்னு சொல்றேன். செவலை இன்னிக்கோ நாளைக்கோ கன்னு போட்டுடும், வூட்ல எம் பொஞ்சாதி எல்லம்மா ஒண்டியா கெடக்குது" என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

அவன் மனதாரத்தான் சொன்னான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பாலில் தண்ணீர் கலந்ததையே மறைக்கத் தெரியாதவன் டாக்டரிடம் எப்படிப் பொய் சொல்வான். அவனால் முடியாத ஒன்றை அவன் தலையில் கட்டுவது நியாயமில்லை என்று நினைத்தேன். வேறு யாராவது வந்து தூக்கிப்போனால் பார்க்கலாம் என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுபடி தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். வலி ஜாஸ்தி இல்லை என்றான். அப்புறம் பேசவில்லை. மூச்சு நின்றதும் கண்ணை மூடிவிட்டேன், வேட்டியைச் சரிசெய்தேன். விட்டுவிட்டு ஓடினேன் என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். கடைசி வரை இருந்தேன்.

சாயங்காலம் ஆடு மேய்க்கிறவர்கள் உடலைப் பார்த்துச் சொன்னதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். பம்பரையும் ஹெட்லைட்டையும் வெளியூர் ஒர்க்‌ஷாப்பில் மாற்றினேன். கிளெய்ம் போடுங்க சார், உங்களுக்குத்தான் பம்பர் டு பம்பர் இருக்குதே என்று மெக்கானிக் சொன்னார். வேண்டாம் என்றேன். மறுநாள் காலையில் பால் வரவில்லை. மாடியில் ஒரு ஜெர்மன்காரம்மா கறுப்பு டீயைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அப்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

காரியத்துக்குப் போனேன். எல்லம்மாள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள், அழுது முடித்திருந்தாள். மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கிற பெண் குழந்தை ஒன்று மடியில் படுத்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. மோதிய வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும் அரசாங்கம் ஒரு உதவித்தொகை தருகிறது, அது அநேகம் பேருக்குத் தெரியாது. நானே அவளிடம் சொன்னேன். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு நானே காரில் அழைத்துப்போய் மனு கொடுக்க வைக்கிறேன் என்றேன். இந்த ஊரில் வேறு யார் அவளுக்காக இதைச் செய்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

போகிற வழியில் அவள் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

"வலி ஜாஸ்தி இல்லன்னுதாம்மா சொன்னான். தண்ணிகூட ரெண்டு தடவை குடிச்சான். செவலையைப் பத்தியும் உன்னைப் பத்தியும்தான் நெனப்பு" என்றேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஜன்னலை விட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுதலடைந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆபீசில் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னேன். வண்டி மோதியதை யாராவது பார்த்தார்களா என்று அங்கிருந்த கிளார்க் கேட்டார். இல்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் எல்லம்மாள் எழுந்துவிட்டாள்.

"இவரைக் கேளுங்க. எங்க வூட்டுக்காரரு கடைசியா தண்ணி வாங்கிக் குடிச்சது இவரு கையாலதான். இவருதான் இப்ப சொன்னாரு" என்றாள். குரல் உயரவில்லை. கிளார்க் பேனாவை வைத்துவிட்டு போனை எடுத்தார்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. படிக்காதவள், உதவி செய்கிறவனிடம் எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை.

மல்லாட்டை மூட்டை ஏற்றுகிற வேன் டிரைவர் ஒருவரை நேற்று நீங்கள் என் எதிரில் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். அவர் சொன்னது உண்மைதான். யாராவது வந்தால் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்ததாக மேலே எழுதியிருக்கிறேன், ஒரு வண்டி வந்தது என்பதை எழுத விட்டுப்போய்விட்டது. தருமன் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்தார்.

"இன்னாங்க, அடிபட்டுடுச்சா? ஏத்துங்க, ஆஸ்பத்திரில வுட்டுட்டுப் போறேன்" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க, வெயிலு மயக்கம். நம்ம ஆளுதான். நான் பாத்துக்கறேன், நீங்க கெளம்புங்க" என்றேன்.

தருமன் கையைத் தூக்கினான். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அன்பாகத்தான் தெரிந்திருக்கும், டிரைவரும் அப்படித்தான் சொன்னார். தருமன் ஏதோ சொல்ல வந்தான். பேசாதே, தெம்பு போயிடும் என்று இன்னொரு கையை அவன் வாய் மேல் வைத்தேன். வேன் கண்ணுக்கு மறைகிற வரை எடுக்கவில்லை.

இன்று காலை பாலிசி நகல் கொடுக்க சிந்துஜா வந்திருந்தாள். என் பாலிசி அந்தப் பெண் மூலமாகத்தான். வருடா வருடம் அவள் வந்து உட்கார்ந்ததும் இன்சூரன்ஸ் பற்றி நான்தான் அவளுக்கு விளக்குவேன். பாவம், ஆமா அங்கிள், ஆமா அங்கிள் என்று கேட்டுக்கொள்வாள். இன்று நான் விஷயத்தைச் சொன்னதும் பாலிசி நகலை மேஜை மேல் வைத்தாள்.

"தேர்ட் பார்ட்டிக்கும் போனஸுக்கும் சம்பந்தமே கெடையாது அங்கிள். உங்க வண்டி ரிப்பேருக்கு நீங்க கேட்டாதான் போனஸ் போவும். அவரைக் கொண்டுபோய் சேர்த்திருந்தா அவருக்கு ஆவறதெல்லாம் கம்பெனி குடுத்திருக்கும். உங்க அம்பது அப்படியேதான் இருந்திருக்கும்" என்றாள்.

"ரிப்பேருக்கு நான் எதுவும் கேக்கலியே. அப்போ இப்பவும் இருக்குதா?" என்றேன்.

அவள் உங்களைப் பார்த்தாள்.

"இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்போது நான் அழுதேன். நீங்களும் பார்த்தீர்கள். பெண் கான்ஸ்டபிள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், மனசுல இருக்கறதைக் கொட்டிடுங்க என்றார். கொட்டிவிட்டேன். தருமன் பிழைத்திருப்பான். அவனைச் சாகவிட்டது மோதல் இல்லை, நான்தான். யாருடைய மிரட்டலும் இல்லாமல் இதை நானே என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு உதவி. என் பாலிசி அடுத்த மாதம் முடிகிறது. முடிந்து தொண்ணூறு நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் ரத்தாகிவிடும். சந்திரகலாவுக்கு இதெல்லாம் தெரியாது, நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இத்தனை வருடம் ஒரு தப்பும் பண்ணாமல் சேர்த்தது, மேடம்.