ஒரு வாய் சீனித்தண்ணி

நான் கோழி தின்பதில்லை, ஐயா. கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தபோது விட்டது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் ஈரலைப் பிரித்து, அதன் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது என் வேலை. இரத்தத்துக்குச் சிவப்பைத் தருகிற ஹீம் என்ற பொருளை ஈரலும் செய்கிறது. சில தூக்க மருந்துகளைத் தட்டில் விட்டால் ஹீமைச் செய்யும் முதல் நொதி தறிகெட்டு ஓடும். அரைகுறைச் சரக்கு தேங்கிச் சிவக்கும். குளுக்கோஸ் விட்டால் அடங்கிவிடும். அழகான வேலை.

அண்ணி சரோஜாதேவிக்கு அப்படிப் படவில்லை. மாத்தளையில் அண்ணனின் மிளகுக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க தம்பி பெரிய படிப்பு படிச்சு கோழி ஈரல் கழுவுறாரு" என்பாள். அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவளை அடியோடு வெறுத்தேன்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. நான்தான் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அப்போது அது உதவிதான், நம்புங்கள். கொஞ்ச நாளில் வயிற்றுவலி வந்தது. சிறுநீர் பீட்ரூட் அவித்த தண்ணீர்போலப் போகிறதென்று அண்ணன் கூச்சத்தோடு சொன்னார். என் தட்டில் தேங்கிய அதே சிவப்பு; எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கோ ஒருவருக்கு இருக்கும் பிறவிக் குறை அது. அவள் ஈரலுக்கு அந்த மாத்திரை ஆகாது. நான் நிறுத்தவில்லை. "வலிக்கும் இதுதான் அண்ணி" என்று கூட்டிக் கொடுத்தேன்.

முத்துமாரியம்மன் கோபம் என்றார்கள் அக்கம்பக்கத்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, மாசி மகம்வரை விரதம் இருப்பதாக அண்ணியே நேர்ந்துகொண்டாள். பட்டினி கிடந்தால் அந்த நொதி இன்னும் ஏறும். "பால் பழங்கூட வேணாம் அண்ணி. வெறுந்தண்ணியோட இருந்தாத்தான் அம்மன் மனசு எறங்கும்" என்றேன். "நீங்கதான் தம்பி எனக்குத் தொணை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விரதம் முடியுமுன்பே முதலில் கால் விழுந்தது, பிறகு கை. வீட்டுக்கு வந்த டாக்டர் என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: "தம்பி, ஒரு வாய் சீனித்தண்ணி தாங்க."

சீனி கைக்கெட்டும் தூரத்தில் அலுமாரியில்தான் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நேர்ந்த விரதத்தை முறித்த பாவம் மட்டும் என்மேல் இல்லை, ஐயா.