தையல்ல ஒரு குறையும் இல்ல

இல்லண்ணே, நான் பஸ்ல விட்டது குடை இல்ல. குடையெல்லாம் எடுத்துக் காட்டாதீங்க. பிளாஸ்க்கு. டீ ஊத்திக் கொண்டுபோற பிளாஸ்க்கு, முழங்கை உசரம் இருக்கும். போன வாரம் வியாழக்கிழமை, இருபத்தேழாம் நம்பர் பஸ், காலையில எட்டே கால் வண்டி. கடைசிக்கு முந்தின சீட்டு, ஜன்னலோரம். டிக்கெட்டா? டிக்கெட்டை எட்டு நாளா யாருண்ணே பத்திரமா வச்சிருப்பாங்க?

அங்க மேல் தட்டுல ஏழெட்டு நிக்குதே, அதுல இருக்குதான்னு பாருங்க. அடையாளம் சொல்லணுமா? சரி, எழுதிக்கோங்க. பிளாஸ்க்குல ஒண்ணும் அடையாளம் இல்ல, எல்லாரும் வச்சிருக்கிற சில்வர்தான். மேல போட்டிருக்கிற உறையைப் பாத்துக் கண்டுபிடிக்கலாம். பழைய நீல ஜீன்ஸ் துணி, உள்ள கம்பளி வச்சுத் தைச்சது. ரெண்டு தோள்லயும் மாட்டிக்கிற மாதிரி வார் இருக்கும். வார் உறையோட சேர்ற எடத்துல கட்டம் போட்டு, கட்டத்துக்குள்ள பெருக்கல் குறி போட்டுத் தைச்சிருக்கும், எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. அங்குலத்துக்குப் பத்துத் தையல். அடியில வட்டம் மட்டும் கைத்தையல். நூல் முனை ஒண்ணுகூட வெளிய நீட்டிட்டு இருக்காது.

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? என் பொழப்பே அதுதான். கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில செக்கிங். ஒரு நாளைக்கு அறநூறு சட்டை என் மேசை மேல வந்து போகும். எங்கயாவது தையல் விட்டுப்போயிருந்தா அந்த எடத்துல சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பணும். பதினோரு வருஷமா அதான். உங்க சட்டையில கூட ரெண்டாவது பட்டன் காஜா கோணலா இருக்கு. பரவாயில்ல, விடுங்க, போட்டுக்கலாம்.

நானா தைச்சேன்? நான் தைச்சிருந்தா இவ்வளவு கதை எதுக்கு. பிளாஸ்க்கு எங்க வீட்டுக்காரரோடது. துறைமுகத்துல கிரேன் ஓட்டுறாரு. மேல ஏறினா அஞ்சு மணி நேரம் எறங்க முடியாது. நூத்திச் சொச்சம் படி, இரும்பு ஏணி, ரெண்டு கையும் கம்பியில இருக்கணும், அதனால முதுகுல மாட்டிட்டுத்தான் ஏறணும். அதுக்குன்னே தைச்சுக் குடுத்தது அவரோட முன்னாள் சம்சாரம். அந்த மகராசி பிரிஞ்சு போய் அஞ்சு வருஷம் ஆகுது. பிளாஸ்க்கு போகல.

எனக்கும் அவருக்கும் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு நாலு மாசம் ஆச்சு. ரெண்டு பேருக்கும் ரெண்டாவது. நானும் பட்டவதாண்ணே. மொத வீட்டுக்காரரு போட்டோ ஸ்டூடியோ வச்சிருந்தாரு. வேற ஒருத்தி வந்தா, என்னை விட்டுட்டாரு. இப்ப அவங்களுக்கு ரெண்டு குழந்தை. அது முடிஞ்ச கதை. ஆனா அதுக்கப்புறம் என்னால எதையும் சும்மா பாக்க முடியல. இவரு போன் அடிச்சா யாருன்னு பாப்பேன். சட்டையத் தோய்க்கிறதுக்கு முன்னாடி மோந்து பாப்பேன். போன்ல ஒண்ணும் இல்ல, சட்டையில கிரீஸ் வாசம்தான். அப்பவும் மனசு அடங்குச்சா? கடைசியில பிளாஸ்க்கைப் புடிச்சுக்கிட்டேன்.

நீங்க சிரிச்சாலும் சிரிங்க. அந்த மகராசி மொகத்த நான் பாத்ததில்ல. வீட்ல ஒரு போட்டோ கெடையாது. அவ தையல் மட்டும்தான் எனக்குத் தெரியும். அத வச்சே ஆளைச் சொல்லிடுவேன். பொறுமைசாலி. அவசரம் கெடையாது. நூலை மிச்சம் புடிக்கிற ஆளு இல்ல. கைத்தையல் சாஞ்சிருக்கிற பக்கத்தைப் பாத்தா எடது கைக்காரி. ஒரு நாள் சாப்பிடும்போது, அவங்க எடது கையாலதான் எல்லாம் செய்வாங்களான்னு சும்மா கேக்குற மாதிரி கேட்டேன். உனக்கெப்படித் தெரியும்னு ஆச்சரியமாக் கேட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. பெரிய சிரிப்பெல்லாம் இல்ல. ஏதோ ஞாபகம் வந்து வர்ற சிரிப்பு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

நானும் ஒண்ணு தைச்சேண்ணே. விடுவனா? மழைக்கோட்டுத் துணி எடுத்து, ஃபேக்டரி வார், ஃபேக்டரி பக்கிள், எல்லாம் போட்டு மூணு நாள் ஒக்காந்து தைச்சேன். பிரமாதம்னாரு. ரெண்டு நாள் மாட்டிட்டுப் போனாரு. மூணாம் நாள் பாத்தா பழைய உறைக்குள்ள பிளாஸ்க்கு ஒக்காந்திருக்கு. ஏன்னு கேட்டா, உன்னோடது ரொம்ப நல்லாருக்கு, ஏணியில ஏறும்போது இடுப்புல இடிக்குது, அவ்வளவுதான்னு சொல்றாரு. அப்ப அந்த வார் அவரு முதுகுக்கு அளவெடுத்துத் தைச்சதுதானே? டேப்பால எடுத்தாளோ, கையால சாண் போட்டு எடுத்தாளோ. நான் அன்னிக்கு முழுக்க மேசையில சட்டையப் பாக்கல, அந்தக் கையைத்தான் மனசுக்குள்ள பாத்துட்டு இருந்தேன். காலர் மாறித் தைச்ச சட்டை மூணு என் கையைத் தாண்டிப் போயிடுச்சு. சூப்பர்வைசர் கூப்பிட்டு, கல்யாணம் ஆனதும் கண்ணு மங்கிடுச்சாம்மான்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவரு தூங்கிட்டு இருந்தாரு. நான் அந்த உறையை உள்புறம் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துல வச்சுப் பாத்தேன். ஒரு மணி நேரம். ஒரே ஒரு குறை கெடைச்சாப் போதும்னு இருந்துச்சு. ஒரு தையல் தவ்வியிருந்தா போதும். இல்லண்ணே. தையல்ல ஒரு குறையும் இல்ல. ஆத்திரம் தாங்காம பையில இருந்த சிவப்பு அம்பு ஒண்ணை உரிச்சு உள்பக்கம் ஒட்டிட்டேன். பாருங்க, அதுவும் ஒரு அடையாளம், எழுதிக்கோங்க. குறை இல்லாத எடத்துல நான் அம்பு ஒட்டினது என் சர்வீஸ்லயே அது ஒண்ணுதான்.

இருக்கா? கெடைச்சிருச்சா? ஆமா ஆமா, அதேதான். உள்ள பாருங்க, அம்பு இருக்குதா? அப்பாடா. எங்கண்ணே கையெழுத்துப் போடணும்?

என்ன? நோட்டுல கண்டக்டர் என்ன எழுதியிருக்காரு? திருப்பிப் படிங்க.

கூப்பிட்டும் நிக்கலன்னு எழுதியிருக்காரா. சத்தமாக் கூப்பிட்டாராமா. நல்ல மனுஷன், எவ்வளவு விவரமா எழுதியிருக்காரு பாருங்க.

கேட்டுச்சுண்ணே. காது நல்லாத்தான் கேக்குது. அம்மா, அம்மா, உங்க சாமான்னு படிக்கட்டுல நின்னு கத்தினாரு. நான் கேக்காத மாதிரி விறுவிறுன்னு நடந்தேன். மறதியெல்லாம் இல்ல. சீட்டு மேல நட்டக்குத்தலா வச்சுட்டு எறங்கினேன். மூடி ரப்பர் தேஞ்சுபோச்சு, ஃபேக்டரி பக்கத்துக் கடையில புதுசு போட்டுக் கொண்டுவான்னு அவருதான் என் கையில குடுத்தனுப்பினாரு. நம்பிக் குடுத்தாரு.

சாயந்தரம் பஸ்ல விட்டுட்டேன்னு சொன்னேன். என்ன சொல்லியிருப்பாருன்னு நெனைக்கிறீங்க? திட்டுவாரு, மூஞ்சியத் தூக்கி வச்சுப்பாரு, உடனே இங்க ஓடி வந்து தேடுவாருன்னு நெனச்சேன். அப்படித் தேடியிருந்தா கேக்குறதுக்கு ஒரு வண்டி கேள்வி தயாரா வச்சிருந்தேன், அவ மேல இன்னும் அவ்வளவு பாசமான்னு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? போனாப் போகுது விடு, நீ பத்திரமா வந்தியேன்னாரு. அவ்வளவுதான். மறுநாள் காலையில டீயை ஒரு தண்ணி பாட்டில்ல ஊத்தி, கயிறு கட்டி முதுகுல போட்டுக்கிட்டு, விசில் அடிச்சுட்டே போனாரு.

நல்லதுதானேன்னா கேக்குறீங்க? எங்க அக்காவும் அதான் கேட்டா. உங்களுக்கெல்லாம் புரியாது. எட்டு வருஷம் முதுகுல சுமந்த சாமான். அவரு வேலைக்குப் போற பஸ் தினமும் இந்த டெப்போவுக்குள்ள வந்துதான் திரும்பிப் போகுது. எறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேக்கல. எட்டு வருஷத்தை ஒரே மூச்சுல போனாப் போகுதுன்னு சொல்ற மனுஷன், நாலு மாசத்தை என்னன்னு சொல்லுவாரு? அதுவரைக்கும் அவ மேல பொறாமை. அன்னையிலிருந்து அவளுக்காகவும் சேத்து வயித்தெரிச்சல். பாவம், அவ்வளவு பொறுத்துத் தைச்சிருக்கா, அவளுக்கே இந்தக் கதின்னா எனக்கு என்ன?

எட்டு நாளா இதுவே ஓடுது. குழம்பு வச்சா இது, சட்டை பாத்தா இது. அவரு ஒவ்வொரு நாளும் ஆறின டீயைக் குடிச்சுட்டு வந்து, என்னம்மா ஒரு மாதிரி இருக்கேன்னு என்னைக் கேக்குறாரு.

இதுவா? இது என் பைதான். இங்க தொலைச்சது இல்ல. துணிப் பை. பத்து நாளைக்கு மாத்துத் துணி.

காலையில அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். இன்னிக்கு அவருக்கு ரெண்டாவது ஷிப்டு, மத்தியானம்தான் வேலை. சரி, நிதானமா இருந்துட்டு வான்னாரு. பையைத் தூக்கிட்டு வந்து பஸ்ல ஏத்திவிட்டாரு, ஜன்னலோர சீட்டாப் பாத்து ஒக்கார வச்சாரு. எப்ப வருவேன்னு மட்டும் கேக்கல. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. அப்ப எதுக்குப் போறேன்னா? அத எப்படிச் சொல்றது.

முன்ன ஒருத்தரு என்னை விட்டுட்டாருன்னு சொன்னேன்ல. அது நான் எல்லார்கிட்டயும் சொல்றது. உண்மையில நான்தான் கெளம்பினேன். சின்னச் சண்டை, எதுக்குன்னுகூட ஞாபகம் இல்ல. வந்து கூப்பிடுறாரா பாப்போம்னு அக்கா வீட்டுக்குப் போனேன். மாடி ஜன்னல்ல ஒக்காந்தா பஸ் ஸ்டாப்பு தெரியும். பதினோரு நாள் ஒக்காந்தேன். ஒவ்வொரு பஸ்லயும் யாரு எறங்குறாங்கன்னு பாத்தேன். பன்னெண்டாம் நாள் ஒரு பார்சல் வந்துச்சு. என் துணியெல்லாம் அயர்ன் பண்ணி அடுக்கியிருந்தாரு. பாதி தேஞ்ச சோப்பைக்கூட ஒரு கவர்ல போட்டு அனுப்பியிருந்தாரு. அந்த இன்னொரு பொண்ணு வந்தது அதுக்கு ஒரு வருஷம் கழிச்சு. ஊர்ல சொல்லும்போது நான் முன்ன பின்ன மாத்திச் சொல்லிடுவேன். அப்படிச் சொன்னாத்தான் எனக்கே கேக்க நல்லாருக்கு.

இல்லண்ணே, அழல. தூசி. இந்த ஆபீஸைக் கொஞ்சம் கூட்டக் கூடாதா.

பஸ்ல வரும்போது அந்த ஜன்னல் கண்ணு முன்னாடி வந்துச்சு. மறுபடி அதே ஜன்னல்லதான் போய் ஒக்காரப் போறேன். இவரும் வரமாட்டாருன்னு இல்ல. வருவாரோ என்னவோ, வந்தாலும் வரலாம். ஆனா நான் ஒவ்வொரு பஸ்ஸா எண்ணணுமே. அதான் டெப்போ வந்ததும் எறங்கிட்டேன். கெளம்பினவ மூணு மணி நேரத்துல வெறுங்கையோட வீட்டுக்குத் திரும்பிப் போனா என்னன்னு சொல்லுவா? ஒரு காரணம் வேணும்ல. பிளாஸ்க்கு கெடைச்சிருக்கான்னு கேக்கப் போனேன், கெடைச்சிருச்சு, அப்படியே திரும்பிட்டேன்னு சொல்லலாம். வேற சாமான் எதுவும் என்கிட்ட இல்லண்ணே. அவருக்கு நான் கொண்டுபோய்க் குடுக்க இது ஒண்ணுதான் இருக்கு.

கையெழுத்து இந்தக் கட்டத்துலயா? உறவுன்னு போட்டிருக்கே, அதுல மனைவின்னே எழுதிடுறேன். திரும்பிப் போற இருபத்தேழு எந்தப் பக்கம் நிக்கும்? ஒரு மணிக்குள்ள போயிட்டா சூடா டீ போட்டு ஊத்திக் குடுத்துடலாம். மாட்டிக்கிட்டே போறேன், கையில பை இருக்குல்ல. கொஞ்சம் பின்னாடி வாரைப் புடிச்சு விடுங்க. அவருக்கு எடுத்த அளவு, எனக்குத் தொளதொளன்னுதான் இருக்கும். அவ தைச்சதை முதுகுல போட்டுக்கிட்டுத்தான் நான் என் வீட்டுக்குத் திரும்பிப் போகணும்னு இருக்கு பாருங்க, அதை நெனச்சா இப்பவும் வயிறு எரியுதுண்ணே.